மாதாவுக்கு முன்னால் ஒரு செடிவேலி

ஹீத்ரோ விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்த தங்கை ஜெசிந்தா, கட்டிப்பிடித்த கையை எடுக்குமுன்பே காதுக்குள் சொன்னாள்: "அக்கா, காருக்குள்ள கவுன்சில் கதை எடுக்காதேங்கோ. அவருக்கு நெஞ்சு படபடக்கும்."

கவுன்சில் கதைக்காகத்தான் அவர்கள் என்னைக் கூப்பிட்டதே. நான் மன்னார்ப் பக்கத்துப் பிரதேச சபை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கட்டட அனுமதிப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். மதில், மலகூடக் குழி, மாட்டுக்கொட்டில் என்று ஊரிலுள்ள வரைபடமெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். "அக்காவுக்குச் சபை நடைமுறை தெரியும். வந்து பக்கத்தில நிண்டால் போதும்" என்று தங்கை தொலைபேசியில் அழுதபோது, நானும் பெரிய கெட்டிக்காரி போலச் சம்மதித்துவிட்டேன். விமானம் ஏறிய பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். மன்னாரில் செல்லுபடியான அனுபவம் லண்டனில் எந்த மூலைக்கு?

தங்கையின் கணவர் அன்ரன் லண்டனில் இரட்டைத்தட்டுப் பேருந்து ஓட்டுகிறார். சொந்தக் காரையும் அப்படித்தான் ஓட்டுவார். முதுகுக்குப் பின்னால் எண்பது பேர் நின்றுகொண்டு வருவதுபோல, பாதசாரிக் கடவைகளில் பதனமாகப் பிரேக்கை அழுத்துவார். பதினைந்து மைல் தூரத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி.

"அக்கா, ஊரில சந்திக்குச் சந்தி கெபி இருக்குத்தானே. ஒண்டையாவது உங்கட சபை இடிச்சதோ?"

"இல்லைத் தம்பி," என்றேன்.

கெபி என்பது மாதா சுரூபத்தை வைப்பதற்குக் கத்தோலிக்கர் கல்லால் கட்டும் சிறு குகை. எங்கள் பக்கத்தில் வீதி அகலிக்கும் திட்டம் சபையிலிருந்து நேர்கோடாகத்தான் புறப்படும். மாதா கெபி வந்தவுடன் ஒருபக்கம் வளையும். அந்தோனியார் சுரூபம் வந்தவுடன் மற்றப்பக்கம் வளையும். அங்கால் பிள்ளையார் இருந்தால் அவருக்கும் அதே மரியாதை. கடைசியில் தார் போட்டு முடியும்போது பாம்பு போன தடமாக இருக்கும். இதைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு செய்ததாக எனக்கு நினைவில்லை.

தங்கையின் தெருவின் பெயரை எழுதமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். விம்பிள்டனிலிருந்து ட்ராமில் இருபது நிமிடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏறத்தாழ நூறு வருடத்துக்கு முன் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டிய சிறிய வீடுகள். ஒரே மாதிரியான சிவப்பு ஓடு. சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்கள் வைத்த வெள்ளை மர யன்னல்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் மதில், அதற்குப் பின்னால் என் தலையளவுக்கு நெருக்கமாக வளர்ந்த பச்சைச் செடிவேலி. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் வேலியின் தலை ஒரே மட்டத்தில் போகிறது. ஒரே ஆள் ஒரே நாளில் வெட்டியது என்று சொன்னால் நம்பலாம்.

இந்த ஒழுங்கு தானாக வந்ததல்ல. கவுன்சில் அந்தத் தெருவை, பழைய தோற்றம் மாறாமல் காக்கவேண்டிய பாதுகாப்பு வலயம் என்று குறித்து வைத்திருக்கிறது. வீட்டுக்குள் சுவருக்கு என்ன நிறம் அடித்தாலும் கேள்வியில்லை. தெருவில் நின்று பார்த்தால் தெரிகிற எதையும், அது யன்னலோ கதவோ ஓடோ மதிலோ வேலியோ, கேட்காமல் மாற்றக் கூடாது. மற்றத் தெருக்களில் அனுமதி தேவைப்படாத சில்லறை வேலைகளுக்குக்கூட இங்கே தனிக் கட்டளை ஒன்று அனுமதி கேட்கிறது. வாடகைக்கு இருந்து இருந்து, கடைசியில் கடன் எடுத்து இந்த வீட்டை வாங்கிய அன்ரனுக்கு இது தெரியாமல் இல்லை. வாங்கும்போதே சொல்லியிருக்கிறார்கள்.

கார் நின்றது. நான் இறங்கிப் பார்த்தேன்.

முன்மதில் இல்லை, வேலியும் இல்லை. மேல்வாயில் முன்பல் விழுந்த இடம்போல ஒரு வெளி. அந்த வெளியில் மூன்று படி வைத்து, அதன்மேல் வெள்ளைக் கல்லும் சீமெந்தும் சேர்த்துக் குகை. குகைக்குள் நீலக் கச்சை கட்டிய லூர்து மாதா, கைகளைக் கூப்பி, வழக்கம்போல் கண்களை வானத்துக்கு உயர்த்தியபடி. குகையின் வாயைச் சுற்றி நீல மின்குமிழ் மாலை, பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

கத்தோலிக்கப் பெண்ணாக நான் சிலுவை போட்டேன். அனுமதிப் பிரிவில் இருந்தவளாக, இல்லாத மதிலின் நீளத்தைக் கண்ணால் அளந்தேன்.

அன்று மாலை அன்ரன் வேலைக்குப் போன பிறகு தங்கை குசினியில் நின்று முழுக்கதையையும் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் அன்ரனுக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை நடந்தது. பேருந்து ஓட்டும் உரிமத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். வேறு வேலை தெரியாத மனிதர், யன்னலடியில் இருந்து போகிற பேருந்துகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். அப்போது லூர்து மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். திரும்ப ஸ்டியரிங்கில் கை வைத்தால், தெருவைப் பார்த்து ஒரு கெபி கட்டுவேன், தெருவால் போகிறவர்கள் கண்டு சிலுவை போடவேணும் என்று. பிறகு ஓடுபொறியில் ஓடவிட்டுச் சோதித்து உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். லூர்து மாதா திருநாள் பெப்ரவரி பதினொன்று. அதற்குள் முடிக்கவேண்டும் என்று ஜனவரிக் குளிரில், ஈரச் சாந்து உறைந்துவிடாமல் இரவில் போர்வையால் மூடி மூடிக் கட்டியிருக்கிறார்.

"அனுமதி எடுக்க நினைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"எடுப்பமெண்டுதான் இருந்தவர். அதுக்கிடையில திருநாள் வந்திட்டுது. பங்குச் சுவாமி வந்து மந்திரிச்சும் போட்டார். சுவாமி மந்திரிச்ச பிறகு ஆரிட்டை அக்கா அனுமதி கேக்கிறது?"

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. ஊரில் என் மேசைக்கு முன்னால் வந்து யாராவது இதையே சொல்லியிருந்தால், நானும் "அதுதானே" என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

லண்டனில் அப்படி நடக்கவில்லை. கவுன்சிலில் இருந்து ஓர் இளம்பெண் வந்தாள். மிகவும் மரியாதையாகப் படம் எடுத்தாள், மிகவும் மரியாதையாக விளக்கினாள். செய்த வேலைக்குப் பிந்திய அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதிகாரிகள் மறுக்கும்படிதான் சிபாரிசு செய்வார்கள். முடிவு ஜூன் மாதத்தில் கவுன்சிலர்கள் கூடும் திட்டமிடல் குழுவின் கையில். மறுத்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மதிலைத் திரும்பக் கட்டவேண்டும்.

தங்கை அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "கெபியை எடுத்தால் இனி பஸ்ஸைத் தொடமாட்டனெண்டு சொல்லுறார், அக்கா. மாதா தந்த கையாம். வாக்குத் தவறினால் அவ திருப்பி எடுத்துப்போடுவாவாம். பின்னால சனத்தை ஏத்திக்கொண்டு போகேக்க நெஞ்சு நிண்டால் என்ன செய்யிறதெண்டு நித்திரையில புலம்புறார். எனக்குப் பயமாயிருக்கு."

எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான். லண்டன் பார்க்க வந்தவளுக்கு அரண்மனையும் கோபுர மணிக்கூடும் எங்கே மனதில் நிற்கப்போகிறது?

சனிக்கிழமை மூவருமாக ரெய்னர்ஸ் லேன் போனோம். ட்ராமில் விம்பிள்டன், அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன், ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறிப் பிக்காடில்லி லைன். நிலக்கீழ் ரயில் பாதிவழியில் நிலத்துக்கு மேலே வந்து, வீடுகளின் பின்தோட்டங்களை வரிசையாகக் காட்டிக்கொண்டு ஓடியது. பின்தோட்டங்களில் ஒழுங்கு ஒன்றுமில்லை. உடைந்த ஊஞ்சல், தகரக் கொட்டில், புத்தர் சிலை, கொடியில் காயும் சேலை. முன்பக்கம் மட்டும் கவுன்சிலுக்கு, பின்பக்கம் வீட்டுக்காரருக்கு என்று பிரித்துக்கொண்ட ஊர் என்பது அப்போது விளங்கியது.

ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் பார்க்கப்போனது சரவணன் என்ற கட்டடக்கலைஞரை. கோயம்புத்தூர்க்காரர், தங்கையோடு வேலை செய்யும் பெண்ணின் கணவர். விண்ணப்பத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். முறுக்குத் தட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, மடிக்கணினியைத் திறந்தார்.

"நேராவே சொல்லிடறேங்க அக்கா. பின்னாடி கார்டன்ல வெச்சா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இவ்வளவு சின்னதுக்கு அங்க பெர்மிஷனே வேணாம். முன்னாடிதான் பிரச்சனை."

"பின்னால வைக்க ஏலாது, தம்பி," என்றார் அன்ரன். "தெருவைப் பார்த்து வைக்கிறனெண்டுதான் நேர்த்தி."

"புரியுதுங்க சார். ஆனா கமிட்டில நேர்த்திக்கடனெல்லாம் கணக்குல எடுக்க மாட்டாங்க. உங்க ஆபரேஷன், உங்க நம்பிக்கை, நீங்க நல்லவரு, எதையும் எடுக்க முடியாது. அந்தத் தெருவோட தோற்றம் கெடுதா, இல்லையா? அது ஒண்ணுதான் கேள்வி."

"உங்களுக்கு என்ன தோணுது?" என்று நான் கேட்டேன்.

அவர் தன் மனைவியைப் பார்த்தார், பிறகு முறுக்கைப் பார்த்தார். "ஆமாங்க அக்கா. கெடுதுதான்."

திரும்பும் ரயிலில் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தும் அன்ரன் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலடியிலேயே நின்றார். மற்றக் கை நெஞ்சில் இருந்தது. சத்திரசிகிச்சைத் தழும்பை அவர் சட்டைக்கு மேலால் தடவுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு முன்னாலிருந்த விளக்குக் கம்பத்தில் விண்ணப்ப அறிவித்தல் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம். வந்த ஆட்சேபம் ஒன்றே ஒன்று. எழுதியவர் பக்கத்து வீட்டு டேவிட். மனைவியை இழந்தவர், எழுபதைத் தாண்டியவர். அது தெரிந்த நாளிலிருந்து தங்கை அவர் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. அன்ரன் அவரைக் கண்டால் கார்த் திறப்பைத் தேடுவதுபோலப் பாவனை செய்வார்.

எனக்கு அந்தக் கோபம் ஒட்டவில்லை. ஒருநாள் காலையில் டேவிட் தன் வேலியை வெட்டிக்கொண்டு நின்றபோது, மாட்டிறைச்சி ரோல்ஸ் நாலைச் சுட்டு ஒரு தட்டில் வைத்துக்கொண்டு போனேன். சபை வேலையில் நான் கற்ற ஒரே இராசதந்திரம் அதுதான். வாய்க்குள் எதையாவது போட்டுவிட்டால் மனிதர் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்.

அவர் வேலியின் ஒரு முனையில் முளையடித்து ஒரு நூலைக் கட்டியிருந்தார். மறுமுனை கீழே கிடந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"இதற்கு முன்னால் இந்த நூலை உங்கள் தங்கை வீட்டு வேலியில் கட்டுவேன்," என்றார் ஆங்கிலத்தில். "அவர்களுடையதன் உயரம் பார்த்து என்னுடையது. என்னுடையதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர். இப்போது கட்ட இடமில்லை. கண் அளவில் வெட்டுகிறேன். போன மாதம் சரிந்துவிட்டது, பாருங்கள்."

பார்த்தேன். உண்மையாகவே சரிந்திருந்தது. அவர் வேலியில் தொடங்கிய சரிவு அதற்கடுத்த வீட்டிலும் போய், மூன்றாவது வீட்டில்தான் நிமிர்ந்தது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. என் வீட்டு மனிதர் பக்கம் நிற்க வந்தவள், எதிராளியின் நூலைப் பார்த்து நியாயம் என்று நினைக்கிறேனே!

"சிலை?" என்று கேட்டேன்.

"சிலையைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை," என்று சொல்லி ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். பிறகு வேலிப் பக்கம் திரும்பிவிட்டார். நல்லதற்குச் சொன்னாரா, கெட்டதற்குச் சொன்னாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்ரனுக்கு மட்டும் சந்தேகமே இருக்கவில்லை. "ரோல்ஸ் திண்ட வாயாலேயே எங்களுக்கு எதிராக் கதைப்பார், பாருங்கோ அக்கா."

ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி. நகர மண்டபத்தின் மேல்மாடியில் குழு கூடியது. எங்கள் சபைக் கூட்டம் என்றால் ஒருவர் கத்துவார், ஒருவர் வெளிநடப்புச் செய்வார், தேநீர் வந்ததும் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். இங்கே கவுன்சிலர்கள் லாட வடிவ மேசையைச் சுற்றி அடக்கமாக இருந்து, ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தி, ஒருவர் முடித்த பிறகு ஒருவர் பேசினார்கள். எனக்கு அந்த அமைதிதான் கூடப் பயத்தைத் தந்தது. கத்துகிற சபையில் காரியம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டே பிடித்துவிடலாம்.

எங்களுக்கு முந்திய விண்ணப்பம், மர யன்னல்களைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்ரிக் யன்னல் போட்ட ஒருவருடையது. பத்து நிமிடத்தில் மறுத்துவிட்டார்கள். அந்த மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். தங்கை என் கையை இறுக்கிப் பிடித்தாள். வளையல் வெட்டியது.

பிறகு திரையில் மாதா வந்தா. பொழுதுபடும் நேரத்தில் எடுத்த படம், நீலக் குமிழ்களெல்லாம் எரிய, சுவரளவுக்குப் பெரிதாக. அன்ரனின் கை தன்பாட்டில் எழுந்து சிலுவை போட்டது. நெற்றியில் தொட்ட பிறகுதான் இடம் நினைவு வந்து, மிச்சத்தை அவசர அவசரமாக முடித்தார்.

அதிகாரி மறுப்பதற்கான காரணங்களைச் சொன்னார். அடுத்து ஆட்சேபிப்பவருக்கு மூன்று நிமிடம். டேவிட் எழுந்து மதிலைப் பற்றிப் பேசினார், வேலியைப் பற்றிப் பேசினார், நூலைப் பற்றியும் பேசினார். சுருக்கமாக எல்லாம் முடிந்தது. தலைமை தாங்கிய அம்மையார் கேட்டார்: "சிலையைப் பற்றி உங்கள் ஆட்சேபம் என்ன?"

"சிலையா?" என்றார் டேவிட். "அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லையே. காலையில் பத்திரிகை வாங்கப் போகும்போது அந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்கிறேன். எனக்கு வேண்டியது வேலி."

மண்டபத்தில் சிரித்தார்கள். அன்ரன் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மூன்று நிமிடம் அவருடையது. சரவணன் எழுதிக் கொடுத்ததை நடுக்கமில்லாமல் வாசித்தார். கடைசியில் தாளை மடித்துவிட்டு, தன் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சேர்த்தார். "நான் பஸ் ஓட்டுகிறவன். தெருவைப் பார்த்து வைப்பேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் திரும்பவும் ஓட்டுகிறேன்."

"அதை நாங்கள் கவனத்தில் எடுக்க முடியாது, மன்னிக்கவேண்டும்," என்றார் அம்மையார். அதைச் சொல்ல அவருக்கும் விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அப்போது ஓர் இளம் கவுன்சிலர் பொத்தானை அழுத்தினார். மதிலையும் வேலியையும் முன்பிருந்தபடி திரும்ப வைத்து, கெபி வேலியின் உயரத்துக்கு மேலே வராமல் பதித்தால், தெருவின் தோற்றத்துக்குக் கெடுதல் உண்டா என்று அதிகாரியைக் கேட்டார். அதிகாரி யோசித்தார். "இல்லை. அப்படிச் செய்தால் தெருவிலிருந்து அது தெரியாது." மின்குமிழ் கூடாது, பழைய வகைச் செங்கல், பழைய வகைச் சாந்து, கோடை முடிவதற்குள் வேலை முடியவேண்டும் என்று நிபந்தனைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கைகள் உயர்ந்தன. எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்துத்தான் அனுமதி கிடைத்துவிட்டது என்று அறிந்தேன்.

வெளியே வரும்போது ஒன்பது மணியை நெருங்கியிருந்தது, இன்னும் வெளிச்சம் இருந்தது. படியில் நின்று அன்ரன் கேட்டார்: "அக்கா, வெண்டிட்டமோ, தோத்திட்டமோ?"

"வெண்டிட்டம், தம்பி."

"தெருவிலயிருந்து தெரியாது எண்டு சொன்னால்தானே தந்தவை? நான் தெரியவேணும் எண்டெல்லோ நேர்ந்தனான்." அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். கெபி தப்பிவிட்டது, நேர்த்தி தவறிவிட்டது. முப்பது வருடச் சபை அனுபவத்தில் இப்படி ஒரு அனுமதியை நான் கண்டதில்லை.

ஜூலை முழுவதும் வேலை நடந்தது. இடித்த வீடுகளின் பொருட்கள் விற்கும் ஒரு முற்றத்தில் பழைய செங்கல் வாங்கினோம். சீமெந்துக்குப் பதில் சுண்ணாம்புச் சாந்து. முன்பு படம் எடுத்த கவுன்சில் இளம்பெண் வந்து, சிறு துண்டு கட்டிக்காட்டச் சொல்லி, நிறத்தையும் இடைவெளியையும் பார்த்த பிறகுதான் மிச்சத்தைக் கட்டவிட்டாள். நீல மாலை கழன்றது. படிகளை வெட்டி எடுத்து, குகையை நிலமட்டத்துக்குப் பதித்தார்கள். எங்கள் ஊரில் மாதாவுக்காக வீதி வளையும். இங்கே வீதிக்காக மாதா மூன்று படி இறங்கினா.

வளர்ந்த செடிகளாகவே லொறியில் வந்து இறங்கி, மதிலுக்குப் பின்னால் வேலி நின்றது. செடி நட்ட அன்று பின்னேரம் டேவிட் தன் நூல் உருண்டையோடு வந்தார். ஒரு முனையைத் தன் வேலியில் கட்டிவிட்டு, மறுமுனையை அன்ரனிடம் நீட்டினார். அன்ரன் அதை வாங்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். டேவிட் மட்டம் பார்த்து வெட்டினார். தங்கை யன்னலால் பார்த்து, எனக்குச் சைகை காட்டிவிட்டு ரோல்ஸ் பொரிக்க எண்ணெய் வைத்தாள்.

தெரு திரும்பவும் ஒரே மட்டமாகிவிட்டது. நடைபாதையில் நின்று பார்த்தால் இலைகள்தான். மாதா இருக்கிறா என்று தெரிந்தவர் மட்டும் நுனிக்காலில் எட்டிப் பார்க்கலாம். அன்ரன் ஒவ்வொரு விடியலும் ஷிப்டுக்குப் புறப்படும்போது அப்படி எட்டிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். அவர் திரும்பி வந்து கதவில் திறப்புப் போடும் சத்தம் கேட்கும்வரை தங்கை தொலைபேசியைக் கீழே வைப்பதில்லை. அன்ரன் வேலையை விடமாட்டேன் என்றும் சொல்லவில்லை, விடுவேன் என்றும் சொல்லவில்லை. "இந்த மாதம் பாப்பம், அக்கா," என்பார். அவர் சாப்பாட்டில் பாதி கோப்பையிலேயே கிடக்கும்.

ஆகஸ்டில், நான் புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது, ஊருக்குக் கொண்டுபோகச் சாமான் வாங்க ஈஸ்ட் ஹாம் போனேன். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் சேலைக்கடை, நகைக்கடை என்று அலைந்து, மூன்று சேலையும் ஒரு குக்கரும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கடைசித் துண்டு வழிக்குப் பேருந்து. கட்டணம் ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். முழங்கால் வருத்தத்தால் நான் எப்போதும் கீழ்த்தட்டில்தான் இருப்பேன். அன்று கீழே இரண்டு குழந்தை வண்டிலும் ஒரு சக்கர நாற்காலியும் இடத்தைப் பிடித்திருந்தன. மாதாவே என்று குக்கரைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். முன்கண்ணாடியோடு இருந்த இருக்கை ஒன்று வெறுமையாக இருந்தது.

பேருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பியது. மேலேயிருந்து பார்த்தால் வேலி கீழே போய்விடுகிறது. ஒவ்வொரு வீட்டு முற்றமும் உள்ளங்கைபோலத் தெரிகிறது. தங்கை வீடு வந்தது. வேலிக்கு உள்ளே, நிலத்தில் நின்றபடி, மாதா என்னைப் பார்த்தா.

சரியாக என்னை. படிமேல் நின்றபோது எல்லோருடைய தலைக்கும் மேலால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவ, இப்போது நிலத்துக்கு இறங்கியதால், உயர்த்திய அந்தக் கண்கள் மேல்தட்டுக்காரரின் முகத்துக்கே வருகின்றன. குக்கரை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

வீட்டில் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று அன்ரன் நினைப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, "தம்பி, காரை ஜெசி கொண்டு போகட்டும். நீங்கள் என்னோட பஸ்ஸில வாங்கோ," என்றேன்.

"லீவு நாளிலயும் பஸ்ஸோ, அக்கா?"

"மேல்தட்டில. வாங்கோ எண்டால் வாங்கோ."

இத்தனை வருடம் பேருந்து ஓட்டும் மனிதர், மேல்தட்டில் பயணியாக இருந்ததே இல்லையாம். முன்னிருக்கையில் இருந்துகொண்டு கீழே ஓட்டுகிறவரின் பிழைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். "வளைவை இறுக்கி எடுக்கிறான். பிரேக்கை இவ்வளவு பிந்தி அமத்தக் கூடாது." வலதுகால் தானும் தரையை அமத்தியது. கை வழக்கம்போல் நெஞ்சில். எங்களுக்கு மற்றப்பக்க முன்னிருக்கையில் ஒரு ஆபிரிக்கப் பெண், காலடியில் பச்சை வாழைக்காய்ப் பை, எனக்குத் தெரியாத ஒரு மொழியில் தொலைபேசியில் யாரையோ ஏசிக்கொண்டு வந்தாள்.

தெருவுக்குள் திரும்பியதும் நான் அன்ரனின் தோளைத் தொட்டேன். "இப்ப பாருங்கோ."

அவர் பார்த்தார். மாதாவும் பார்த்தா. அதே கணத்தில் மற்றப்பக்கத்துப் பெண், ஏசுவதை நிறுத்தாமலே, தொலைபேசி இல்லாத கையால் நெற்றியையும் நெஞ்சையும் இரண்டு தோள்களையும் தொட்டு, விரல் நுனியை முத்தமிட்டாள். யோசித்துச் செய்த கையல்ல அது. அந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் செய்து பழகிய கை.

அன்ரன் பிறகு மாதாவைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குவதற்கு மணியை அமத்த வேண்டும் என்பது அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. பேருந்து எங்கள் தரிப்பைத் தாண்டி அடுத்ததில்தான் நின்றது. இறங்கித் திரும்பி நடக்கும்போது அவர் நெஞ்சிலிருந்த கையை எடுத்து என் பையை வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் என்னை வழியனுப்ப அன்ரன் வரவில்லை. விடியவே ஷிப்டுக்குப் போய்விட்டார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்காமல், மன்னிப்புக் கேட்காமல் போனார் என்று, ஹீத்ரோ போய்ச் சேரும்வரைக்கும் தங்கை மூன்று தரம் சொன்னாள்.